நன்னடத்தையில் விட்டால் தப்பித்துவிட்டான் என்று அர்த்தமா?

கேள்வி: என் தங்கை மகனுக்கு 19 வயது. செல்போன் திருட்டு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தும், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டிருக்கிறார்கள். ‘ஆளைப் பிடித்துத் தப்பிவிட்டான்’ என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். தண்டனை இல்லாமல் எப்படித் திருந்துவான்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: யாரையும் பிடிக்க வேண்டியதில்லை அம்மா, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயது ஆகாத ஒருவரை இது போன்ற வழக்கில் சிறைக்கு அனுப்புவதென்றால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும், அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் (இப்படி விடப்படுபவர்களைக் கண்காணிக்கும் அதிகாரி) அறிக்கையையும் வாங்கிப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1936-லேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது.

முதல் தடவை தவறு செய்த பையன் சிறைக்குப் போனால் படிப்பும் வேலையும் அறுந்துபோகும், உள்ளே கிடைக்கும் சகவாசமோ தொழில்முறைத் திருடர்களோடு. அதைத் தடுக்கத்தான் வீட்டிலேயே வைத்துத் திருத்தப் பார்க்கிறார்கள். தண்டனை ரத்தாகவில்லை, தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒழுங்காக நடப்பேன், கூப்பிட்டால் நீதிமன்றத்துக்கு வருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பான், அதன் காலம் 3 ஆண்டு வரை போகலாம், கண்காணிப்பு குறைந்தது ஓராண்டு. நிபந்தனையை மீறினால் அதே திருட்டுக்கு அப்போது தண்டனை கொடுக்க முடியும். முதல் மீறல் என்றால் 50 ரூபாய்க்குள் அபராதம் போட்டு இன்னொரு வாய்ப்பும் தரலாம். பொருளைப் பறிகொடுத்தவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அது எனக்கு ரொம்ப நியாயமாகப் படுகிறது.

குற்றவாளி என்று தீர்ப்பானவர் இன்னதற்குத் தகுதியில்லை என்று சட்டம் சொல்லும் தகுதியிழப்பு அவனுக்குக் கிடையாது என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழிந்துவிடாது, அதனால் வேலை விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மறைக்கவே வேண்டாம், மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலை போகலாம்.

சொந்தக்காரர்கள் பேச்சை விடுங்கள். நன்னடத்தை அலுவலரைப் போலீஸ்காரர் போல நினைத்துப் பயப்படாதீர்கள், வேலை தேடித் தர முயல்வதும் அவர் கடமைதான், ஐ.டி.ஐ. சேர்க்கை பற்றிக்கூட அவரிடம் கேளுங்கள். வீடு மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையன் ஒழுங்காக இருக்கிறான், இனிக் கண்காணிப்பு தேவையில்லை என்று அவர் மனு போட்டு, நீதிமன்றத்துக்கும் அது சரியென்று பட்டால், காலம் முடியும் முன்பே பத்திரத்திலிருந்து விடுவிக்கவும் வழி இருக்கிறது.