கொள்ளையா, கன்னமா?

கேள்வி: ‘தி நட் ஜாப்’ அனிமேஷன் படத்தைப் பிள்ளைகளோடு பார்த்தேன். அணிலும் எலியும் கூட்டாகத் திட்டம் போட்டுக் கொட்டைக் கடையைக் கொள்ளையடிக்கின்றன. இதைப் பார்த்துக் குழந்தைகள் கெட்டுப்போக மாட்டார்களா?
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: அணில் படம் பார்த்ததற்கே தலைமறைவா? சரி.

முதலில் அந்தக் ‘கொள்ளை’யைக் கீழே வையுங்கள். கொள்ளை என்றால் ஆள் பார்க்க, மிரட்டிப் பறிப்பது. ஆள் பார்க்காமல் எடுத்தால் திருட்டு, களவு. சுவரில் துளை போட்டு நுழைந்தால் கன்னம் வைத்தல்; துளை போடும் கருவி கன்னக்கோல். இவ்வளவு நுணுக்கமாகத் தொழில் பிரித்து வைத்திருக்கும் மொழியில் உட்கார்ந்துகொண்டு நம் விமர்சகர்கள் திட்டம் போட்டுத் திருடும் படத்தை ‘ஹைஸ்ட் மூவி’ என்று எழுதுகிறார்கள். போகட்டும். 2014இல் வந்த இந்தப் படத்தில் கன்னம் வைப்பவர்கள் மனிதர்கள். கொட்டைக் கடை வெறும் முகப்பு. அங்கிருந்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டுகிறார்கள். அணிலின் கண்ணோ மூட்டையின் மேல். ஒரே கட்டடத்தில் இரண்டு களவு, ஒருவர் சரக்கு அடுத்தவருக்குக் குப்பை. கதையில் உருப்படியான யோசனை இதுதான்.

திட்டம் என்றீர்களே. வரைபடத்தை விரித்து நமக்கு முழுதாகச் சொன்ன திட்டம் திரையில் சொதப்பும், மறைத்த திட்டம் பலிக்கும். சொன்னது சொன்னபடி நடந்தால் ஒரே காட்சியை இரண்டு தடவை பார்த்த மாதிரி ஆகிவிடும், அதனால்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே குழந்தைப் படங்களில் சொதப்பல்தான் படம்.

படத்தின் பெரிய பிழை வேறு. பூங்கா விலங்குகள் எல்லாம் ஒரே மரத்தில் சேமிக்கின்றன. அந்த மரம் எரிந்ததும் பட்டினி. நிஜத்தில் சாம்பல் அணில் இப்படி மாட்டிக்கொள்ளாது. ஒரு குழிக்கு ஒரு கொட்டை, சில சென்டிமீட்டர் ஆழம், இடம் மாற்றி மாற்றி. வேறு அணில் பார்த்தால் வெறும் குழியைத் தோண்டி, எதையோ புதைத்த மாதிரி மூடிவிட்டுப் போகும். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த இலையுதிர் காலத்திலேயே முளைவிடும் என்பதால், புதைக்கிற கொட்டையின் முளைக்கருவைக் கடித்து எடுத்துவிடும். சிவப்பு ஓக் வசந்தத்தில்தான் முளைக்கும். அதை அப்படியே புதைக்கும். எடுப்பது ஒரு நொடி வேலை. ஒளித்து, கெடாமல் காத்து, மறுபடி கண்டுபிடிப்பதுதான் தொழில். படம் முடிகிற இடத்தில்தான் நிஜ அணிலுக்கு வேலையே தொடங்குகிறது. வட அமெரிக்கச் செவ்வணில் மட்டும் பெரும்பாலும் ஒரே குவியலாகச் சேர்க்கும். அதற்குக் கூலி, நெருங்குகிற அணிலையெல்லாம் கத்தித் துரத்துவது.

குழந்தைகள் கெடுவார்களா? ‘ஸ்க்ரப் ஜே’ என்ற பறவையைக் கேளுங்கள். தான் இரை ஒளிப்பதை இன்னொரு பறவை பார்த்துவிட்டால், பிறகு தனிமையில் வந்து இடத்தை மாற்றும். ஆனால் முன்பு தானே அடுத்தவர் இரையைத் திருடிய பறவைதான் மாற்றியது. திருடிப் பழகாதது மாற்றவில்லை என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘தான் திருடி பிறரை நம்பாள்’ என்று நம் கிழவிகள் கூண்டும் கேமராவும் இல்லாமல் சொன்னதுதான். உங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பா அடிக்கடி இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், யார் மாற்றுகிறார் என்றும் பாருங்கள்.

மற்றபடி, களவும் கற்று மற. அணில் அதையும் ஒழுங்காகச் செய்கிறது. அது திரும்ப எடுக்காமல் விட்ட கொட்டைகளில் சில ஓக் மரமாகின்றன. ‘களவும் கத்தும் மற என்பதே சரி’ என்று வழக்கமான திருத்தக் கடிதத்துக்குப் பேனா திறப்பவர்கள் தயவுசெய்து மூடிவிடவும். செவ்வணிலால் கத்துவதை மறக்க முடியாது.