கண்டுபிடிப்புன்னு சொன்னா பேட்டண்ட் கிடைச்சிருமா?

கேள்வி: நொச்சி இலையோட இன்னும் ரெண்டு இலை சேர்த்து ஊறவச்சு மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அடிச்சேன், நல்லா கேட்டுச்சு. போன மாசம் யூட்யூப்ல வீடியோவும் போட்டேன். இது உங்க கண்டுபிடிப்பு, 85 ஆயிரம் கட்டுங்க, ஒரே மாசத்துல உங்க பேர்ல பேட்டண்ட் (காப்புரிமை) வந்துரும்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு. கட்டலாமா? (ஈரோடு மாவட்ட விவசாயி)

பதில்: கட்டாதீங்க ஐயா. காரணம் சொல்றேன்.

குழப்பமே அந்த வார்த்தையிலதான் ஆரம்பிக்குது. தமிழ்ல எல்லாத்துக்கும் கண்டுபிடிப்புன்னு ஒரே சொல்லைப் போட்டுடறோம், தொலைஞ்ச சாவியைக் கண்டுபிடிச்சாலும் சரி, விஞ்ஞானி சி.வி.ராமன் 1928ல ராமன் விளைவுங்கிற ஒளிச்சிதறலைக் கண்டுபிடிச்சாலும் சரி, ஒருத்தர் புதுசா களையெடுக்கிற மெஷின் செஞ்சாலும் சரி. சட்டத்துக்கு இது வேற வேற. இயற்கையில ஏற்கனவே இருக்கிறதைப் பார்த்துச் சொன்னா அது கண்டறிதல், அதுக்கு நம்ம 1970 காப்புரிமைச் சட்டத்துல பேட்டண்ட் கிடையாது, மூணாவது பிரிவுலயே எழுதியிருக்கு. இல்லாத ஒண்ணை உண்டாக்கினாத்தான் பேட்டண்ட் பேச்சே. ராமன் விளைவுக்கு பேட்டண்ட் கேட்க முடியாது, அதை வச்சு புதுசா ஒரு கருவி செஞ்சா அந்தக் கருவிக்குக் கேட்கலாம்.

நொச்சியில பூச்சி விரட்டுற குணம் இருக்கிறது நீங்க உண்டாக்கினது இல்ல, நம்ம பாட்டி காலத்துலயே தானியத்துல போட்டு வச்சதுதான். பரம்பரை அறிவுக்கும், தெரிஞ்ச பொருளை சும்மா கலக்கறதுக்கும் பேட்டண்ட் தர மாட்டாங்க. உங்க ஊர் மஞ்சளையே எடுத்துக்கோங்க, புண்ணை ஆத்தும்னு அமெரிக்காவுல 1995ல பேட்டண்ட் கொடுத்துட்டாங்க, நம்ம மத்திய அரசோட ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர் பழைய ஆதாரத்தை எல்லாம் காட்டி சண்டை போட்டு 1997ல ரத்து பண்ண வச்சாங்க. மூணு இலையும் சேரும்போது தனித்தனி இலையோட பலனைக் கூட்டினாலும் வராத அளவுக்கு வேலை செய்யுதுன்னு சோதனைக் கணக்கோட நிரூபிச்சா அது வேற கதை.

இப்ப அந்த ஒரு மாச விஷயம். இதுலதான் நிறைய பேர் ஏமாறாங்க, படிச்ச பேராசிரியர்களே என்கிட்ட வந்து புலம்பியிருக்காங்க. விண்ணப்பம் போட்டா சாதாரணமா 18 மாசம் கழிச்சு பேட்டண்ட் ஆபீஸோட ஜர்னல்ல வெளியிடுவாங்க, தனியா ஃபீஸ் கட்டினா சீக்கிரமே வெளியிடுவாங்க. அவ்வளவுதான் ஐயா! அதை யாரும் பரிசோதிக்கல, யாரும் ஒத்துக்கல. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி இதுதான் பேட்டண்ட்னு கொடுத்துட்டுப் போயிடறாங்க. தனி ஆள் ஆன்லைன்ல விண்ணப்பம் போட அரசாங்க ஃபீஸ் 1600 ரூபாதான், பரிசோதனைக்கு 4000, மீதியெல்லாம் யாருக்குப் போகுதுன்னு நீங்களே பாருங்க.

வீடியோ போட்டது இன்னொரு பிரச்சனை. விண்ணப்பத்துக்கு முன்னாடி நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லிட்டா அது புதுசு இல்லன்னு ஆயிடும். வெளிய சொன்னதுக்கு அப்புறமும் விண்ணப்பம் போட 12 மாசம் டைம் இருக்குன்னு ஏஜென்ட் சொல்லுவாரு, பாதி உண்மை. அது கண்காட்சிக்கு, அதுவும் மத்திய அரசு கெஜட்ல (அரசிதழ்ல) அறிவிச்ச கண்காட்சிக்கு மட்டும். உங்க தாலுகா உழவர் விழா, காலேஜ்ல நடக்கிற மேளா, கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டினாக்கூட கெஜட்ல வரலைன்னா செல்லாது. அறிஞர் சபையில, அதாவது அந்தத் துறை அறிஞர்கள் சேர்ந்து நடத்தற சங்கத்துல, கட்டுரை வாசிச்சாலும் அந்த 12 மாசம் உண்டு, ஆனா யூட்யூப் அறிஞர் சபை இல்ல, வாட்ஸ்அப் குரூப்பும் இல்ல.

எனக்குக் கோவம் வர்றது என்னன்னா, சென்னை கிண்டியிலயே பேட்டண்ட் ஆபீஸ் இருக்கு, ஆனா விண்ணப்பம் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோதான் எழுதணும். தமிழ் மட்டும் தெரிஞ்ச விவசாயி என்ன பண்ணுவாரு? ஏஜென்ட் கையிலதான் போய் விழணும். எத்தனை வருஷமா இதைச் சொல்லிட்டு இருக்கோம்.

உங்க கரைசலை சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல இருக்கிற மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல காட்டுங்க, அடிச்ச பாத்தி அடிக்காத பாத்தின்னு கணக்கு எடுக்கச் சொல்லுங்க. அதுல உண்மையாவே புதுசா ஏதாவது வந்தா குஜராத் காந்திநகர்ல நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன் இருக்கு, உங்களை மாதிரி ஆட்களுக்காக அவங்களே பேட்டண்ட் விண்ணப்பம் போடறாங்க. அந்த ஏஜென்ட்கிட்ட மட்டும் அவரோட பேட்டண்ட் ஏஜென்ட் பதிவு எண் கேளுங்க, பரீட்சை எழுதி பாஸ் ஆனவங்க பேர் லிஸ்ட் பேட்டண்ட் ஆபீஸ் வெப்சைட்லயே இருக்கு. அதுல அவர் பேர் இல்லன்னா ஒத்த ரூபா கொடுக்காதீங்க.