பி.டி. பீரியட் என்றாலே மகன் வயிற்றுவலி என்கிறான், என்ன செய்வது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஏழாவது படிக்கும் மகன், பி.டி. பீரியட் உள்ள நாளில் மட்டும் பள்ளிக்குப் போக அடம்பிடிக்கிறான், சோம்பேறித்தனமா என்று. அந்த வார்த்தையை அவன் காதில் போடாதீர்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள். ஓடினால் இருமலும் இழுப்பும் வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம், மார்கழிக் குளிரில் அது கூடும். சீக்கிரம் களைத்து, கீழ் இமை உள்ளே வெளுத்திருந்தால் ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். நம் தருமபுரி மாவட்டத்தில், நிலத்தடி நீரில் அதிகமாகக் கலந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பையும் மறக்கக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்துவிட்டது, ஆனாலும் போர்த் தண்ணீர் குடிப்பவர்களாக இருந்தால், பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு வலியும் சேர்ந்து தெரிகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது.

உடம்பில் குறையில்லை என்றால், பெரும்பாலும் அவமானம்தான். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாக யாருக்கும் வேண்டாதவனாக நிற்பது எவ்வளவு வலிக்கும்! எனக்கு அது இன்றும் மறக்கவில்லை. பி.டி. சாரைத் தனியாகப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி அணி பிரிக்கவும், ரவுண்டு ஓடுகையில் நடுவே நடக்க விடவும் கேளுங்கள். தண்டனையாக ஓடவிடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பி.டி.யிலிருந்து விலக்குக் கடிதம் மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாயங்காலம் மொட்டைமாடியில், யாரும் பார்க்காத இடத்தில், பத்து நிமிடம் அவனோடு பந்து எறிந்து பிடியுங்கள்.