கோடு ஓடலையா, கேளுங்க: ஞாயித்துக்கிழமை கேள்வி பதில்

கேட்டவங்க பேரு வேணாம்னு ஊர் பேரு மட்டும் போட்டிருக்கேன். நான் கடலூர், வேலை பாண்டில, இருபது வருஷமா பேக்எண்ட், அதாவது சர்வர் பக்க கோடு. டிசைன் கேள்வியெல்லாம் வேற யார்கிட்டயாவது கேளுங்க, எனக்கு ஒரு பட்டன நடுவுல கொண்டாந்து நிறுத்தவே அரை நாள் ஆகும்.

நெல்லிக்குப்பம்: அக்கா, கிட்ல ரீசெட் ஹார்ட் அடிச்சுட்டேன். மூணு நாள் வேலை காணோம்.

கிட்ங்கிறது கோடோட பழைய நிலைய எல்லாம் வெச்சிருக்கிற டூல், கமிட் பண்ணியிருந்தா, அதாவது அதுல பதிஞ்சிருந்தா, எங்கயும் போகல தம்பி. கிட் ரிஃப்ளாக் அடிங்க, ஹெட், அதாவது நீங்க நிக்கிற இடம், எங்கெங்க இருந்துச்சுன்னு புதுசு மேல வர மாதிரி வரிசையா காட்டும், ரீசெட் வரிக்கு அடுத்து கீழ இருக்கிற ஹேஷ (கமிட்டோட அடையாள நம்பர்) எடுத்து அதுலேருந்து புது பிராஞ்ச் போடுங்க, அவ்ளோதான். அனாதையா கிடக்கிற கமிட்ட டிஃபால்ட்டா 30 நாள் வெச்சிருக்கும், அதனால தள்ளிப் போடாதீங்க. கமிட் இல்லாம கிட் ஆட் மட்டும் பண்ணியிருந்தா கிட் எஃப்எஸ்சிகே லாஸ்ட் ஃபவுண்ட் அடிங்க, ஃபைல் பேரு வராது, உள்ள இருந்தது மட்டும் வரும், ஒவ்வொண்ணா திறந்து பார்க்கணும். ரெண்டுமே பண்ணலையா, விஎஸ் கோடுன்னா டைம்லைன்ல தேடிப் பாருங்க.

ஆனா எதுக்கும் முன்னாடி அந்த ஃபோல்டர அப்படியே காப்பி எடுத்து வெச்சுட்டு நோண்டுங்க. இத இன்னைக்கு இன்னும் நாலு தடவ சொல்லுவேன்.

பண்ருட்டி, வில்லியனூர், பாகூர் (மூணு பேருக்கும் ஒரே கேள்வி): கார்ஸ் எரர் வருது.

கார்ஸ்னா, ஒரு தளத்துப் பக்கம் வேற தளத்து சர்வர்லேருந்து டேட்டா எடுக்கலாமான்னு பிரவுசர் பார்க்கிற விதி. சர்வர்ல அனுமதி ஹெடர் போடணும். பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன் போட்டு மறைக்காதீங்க, உங்க மெஷின்ல மட்டும்தான் மறையும்.

லாஸ்பேட்டை: பிரான்ஸ் கிளையண்ட்டுக்கு தினம் அவங்க ஊர் காலை 8 மணிக்குப் போற மெயில், ஒரு நாள்லேருந்து 9க்கு போகுது. கோடுல யாரும் கை வைக்கல.

கோடுல வைக்கல, கடிகாரத்துல வெச்சுட்டாங்க. மார்ச் கடைசி ஞாயிறு அங்க மணிய ஒண்ணு முன்னால தள்ளுவாங்க, அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பி வெப்பாங்க. குளிர்காலத்துல நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம், கோடையில மூணரை. நீங்க கிரான்ல, அதாவது குறிச்ச நேரத்துக்கு வேலைய ஓட்டற டூல்ல, நம்ம நேரம் 12.30ன்னு போட்டிருப்பீங்க. பாரிஸ் டைம்ஸோன அதோட பேரச் சொல்லி போடுங்க, பிளஸ் ஒண்ணுன்னு கைல எழுதாதீங்க. சேமிக்கிறது எல்லாம் யூடிசில, அதாவது கோடை குளிர்னு மாறாத உலகப் பொது நேரத்துல.

அவங்க சிஎஸ்வியும் (டேபிள வரி வரியா எழுதின டெக்ஸ்ட் ஃபைல்) வரும், அப்பவும் கேப்பீங்க, இப்பவே சொல்லிடறேன்: அங்க தசமத்துக்கு புள்ளி கிடையாது, கமா, பிரிக்கிறதுக்கு அரைப்புள்ளி. கமாவ வெச்சு பிரிச்சீங்கன்னா 12,50 யூரோ ரெண்டு காலம்ல போய் உக்காந்துக்கும்.

குறிஞ்சிப்பாடி: பள்ளிக்கூடத்துக்கு சாஃப்ட்வேர் பண்ணியிருக்கேன். ஸ்ரீதர்னு தேடினா பாதி பசங்கதான் வராங்க. ஸ்க்ரீன்ல எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

வாங்க, இந்த மாதிரி கேள்விக்குத்தான் உக்காந்திருக்கேன். கண்ண நம்பாதீங்க, எழுத்த ஒவ்வொண்ணா பிரிச்சு அதோட யூனிகோட் நம்பர பிரிண்ட் பண்ணிப் பாருங்க (யூனிகோட்னா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுக்கிற உலகப் பொது அட்டவணை). ஸ்ரீங்கிறத ரெண்டு விதமா அடிக்கலாம். பழைய வழி ஸ, புள்ளி, ரீ. யூனிகோட்ல 2005ல ஶங்கிற எழுத்து தனியா சேர்ந்துச்சு, அதுக்கப்புறம் ஶ, புள்ளி, ரீ. ஃபான்ட் ரெண்டையும் ஒரே உருவமா வரையும், டேட்டாபேஸுக்கு ரெண்டும் வேற ஆளு. ஒரு கீபோர்டு ஒண்ணு போடும், இன்னொண்ணு இன்னொண்ணு போடும், நான் ஒரு தடவ ரெண்டு ராத்திரி இதுக்காக குவரிய திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இதே மாதிரி கொ: ஒரே குறியாவும் இருக்கலாம், ஒத்தக்கொம்பு தனி கால் தனியாவும் இருக்கலாம். அத நார்மலைஸ் பண்ணா, அதாவது என்எஃப்சிங்கிற ஒரே வடிவத்துக்குக் கொண்டாந்தா, சரியாயிடும். ஸ்ரீ அதுல சரியாகாது, ரெண்டும் சமம்னு யூனிகோட் சொல்லல, நீங்களே மாத்தி எழுதணும். சேமிக்கும்போதும் பண்ணுங்க, தேடும்போதும் பண்ணுங்க, ஒரு பக்கம் மட்டும் பண்ணா மறுபடி இதே கேள்வியோட வருவீங்க. பழைய ரெக்கார்ட மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப். ரெண்டாவது தடவ.

முத்தியால்பேட்டை: அது இருக்கட்டும் அக்கா, ஜாவாஸ்கிரிப்ட்ல தமிழ்ங்கிற வார்த்தைக்கு நீளம் 5னு வருது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கூட 3னு சொல்லும். இது பக்தானே?

பக் இல்ல. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, அஞ்சு. யுடிஎஃப்8ல, அதாவது எழுத்த பைட்டா சேமிக்கிற முறைல, பைட் எண்ணினா 15. மூணு வேணும்னா, கண்ணுக்குத் தெரியற எழுத்தா பிரிக்கிறதுக்கு ஜாவாஸ்கிரிப்ட்லயே இன்ட்ல் செக்மென்டர் இருக்கு.

நெய்வேலி: அப்ப க்ஷ ஒண்ணா ரெண்டா? செக்மென்டர் ரெண்டுங்குது.

முத்தியால்பேட்டை: கிரந்தத்த கணக்குல சேர்க்கறதே தப்பு, 247தான்.

நெய்வேலி: லக்ஷ்மின்னு பேரு வெச்ச பொண்ணு ஃபார்ம்ல என்ன போடுவா?

ஐயா சாமிகளா. எதுக்கு எண்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க. எஸ்எம்எஸ் அளவுக்கா, கர்சர் நகர்த்தவா, குறுக்கெழுத்துக்கா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்ணிக்கை. குறுக்கெழுத்துன்னா நான் செக்மென்டர் கட்சி இல்ல, க்ஷவ ஒரு கட்டத்துலதான் போடுவேன், அதுக்கு தனியா ரெண்டு வரி கோடு எழுதிக்குவேன். அந்தப் பொண்ணு பேர ஃபார்ம் வாங்கிக்கணும், 247 பேசறவங்க இலக்கண வகுப்புல பேசுங்க.

விருத்தாசலம்: பாமினி ஃபான்ட்ல (இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் உருவம் வரையற பழைய ஃபான்ட்) பழைய ஃபைல் நிறைய இருக்கு, யூனிகோடுக்கு எப்படி மாத்தறது?

கன்வர்ட்டர் போதும். நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அதுவும் தமிழ்க் குப்பையா மாறும், அத முதல்லயே பிரிச்சு வெச்சுடுங்க.

சிதம்பரம்: சார், சர்வர டெஸ்ட் பண்ற போஸ்ட்மேன் டூல்ல டேட்டா வருது, பிரவுசர்ல வரமாட்டேங்குது.

சார் இல்ல. கார்ஸ். மேல.

கடலூர் முதுநகர்: கடை பில்லிங் டேட்டாவ தினமும் அதே மெஷின்ல இன்னொரு டிரைவுக்கு காப்பி பண்றோம், போதுமா?

போதாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையேறினப்ப பாண்டில ஒரே நாள்ல கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை. எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைல சர்வரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜைக்கு அடியில, ரெண்டும் ஒண்ணாவே முழுகுச்சு. அரிசி மூட்டைக்குள்ள டிஸ்க்க புதைச்சு வெச்சு காய வெச்சாங்க பாவம், வரல. ஒரு காப்பி ஊருக்கு வெளியே இருக்கணும், கிளவுடோ, மச்சான் வீடோ. மாசம் ஒரு தடவ அத வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, நேத்து போட்ட பில் ஒண்ணு அதுல இருக்கான்னு தேடிப் பாருங்க.

நெல்லிக்குப்பம்: அக்கா, ரிஃப்ளாக்ல கிடைச்சிடுச்சு! ஃபோல்டர மட்டும் காப்பி எடுக்கல.

தெரியும்.