சார்ஜர் போட்டால் துள்ளும் திரை: டச் ஸ்கிரீன் லேப்டாப் கேள்வி-பதில்

சார்ஜர் போட்டால் மட்டும் திரையில் தானாகவே க்ளிக் விழுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. ‘சார்ஜர் போட்டால் மட்டும்’ என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கட்டம் ஒன்று உண்டு. விரல் பட்டால் அந்த இடத்தில் மின்தேக்க அளவு, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், லேசாக மாறும். அதைத்தான் தொடுதல் என்று சிப் எடுத்துக்கொள்ளும். எர்த் சரியில்லாத இணைப்பிலிருந்தோ மட்டமான சார்ஜரிலிருந்தோ மின் இரைச்சல் (தேவையில்லாத மின் ஏற்ற இறக்கம்) ஏறினால், விரலே இல்லாமல் விரல் இருப்பதாக அது நம்பிவிடும். உலோக உடல் கொண்ட லேப்டாப் என்றால், மணிக்கட்டு படும் இடத்தில் நமநமவென்று ஒரு உணர்வும் இருக்கலாம்.

எனக்கே இது நடந்தது. புதுத் திரை போடலாமா என்று விலை விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். ஒருநாள் தற்செயலாக ஃபிரிட்ஜ் பிளக்கில் சார்ஜரைச் செருகினேன், திரை சாதுவாகிவிட்டது. மேஜைப் பக்கத்து சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தது, பின்னால் எர்த் ஒயர்தான் இல்லை! நீங்களும் வேறு சாக்கெட்டில், முடிந்தால் வேறு ஒரிஜினல் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். சாக்கெட் மாற்றியதும் சரியானால் கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை; சார்ஜர் மாற்றியதும் சரியானால் கோளாறு சார்ஜரில்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டச் அடியோடு செத்துவிட்டது.

விண்டோஸில் லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ பகுதியைத் திறந்து, ‘எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன்’ என்பதை டிஸேபிள் செய்து, மறுபடி எனேபிள் செய்யுங்கள். இரண்டு வரி இருந்தால் இரண்டையும். அப்படியும் வராவிட்டால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட். பட்டியலில் அந்தப் பெயரே இல்லையென்றால் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் டச் வந்து வந்து போனால், கீல் வழியாகப் போகும் கேபிளைச் சந்தேகிக்கலாம்.

வலது ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் வேலை செய்யவில்லை.

ஸ்கிரீன் கார்டு (திரையைக் காக்கும் ஒட்டுப்படலம்) ஒட்டியிருந்தால் முதலில் அதை உரியுங்கள். லேப்டாப்பை அணைத்து, லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அப்புறம் மறுபடி ஆன் செய்து, விண்டோஸில் படம் வரையும் ‘பெயின்ட்’ புரோகிராமைத் திறந்து, விரலால் குறுக்கே மெதுவாகக் கோடு இழுங்கள். ஐந்தாறு முறை இழுத்தும் கோடு அதே இடத்தில் அறுந்தால், பெரும்பாலும் கண்ணாடியில்தான் கோளாறு. பல மாடல்களில் அதையும் டிஸ்ப்ளேவையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். பழைய லேப்டாப் என்றால் நான் செலவு செய்ய மாட்டேன். டச்சை டிஸேபிள் செய்துவிட்டு மவுஸோடு காலம் தள்ளுவேன்.

லேப்டாப்பைத் தொட்டால் பக்கத்து மானிட்டரில் க்ளிக் ஆகிறது.

கன்ட்ரோல் பேனலில் ‘டேப்லெட் பிசி செட்டிங்ஸ்’ போய் ‘செட்டப்’ அழுத்துங்கள். மானிட்டரில் செய்தி தோன்றினால் என்டர் தட்டுங்கள். லேப்டாப்பில் தோன்றும்போது அந்தத் திரையைத் தொடுங்கள். அவ்வளவுதான்.

டேப்லெட் வகை லேப்டாப். திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, டச்சும் தாறுமாறு. அழுத்தி ஒட்டிவிடலாமா?

வேண்டாம்! உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தவோ அமுக்கவோ கூடாது. இன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.