குப்பையில் பர்ஸ் தைக்கிற மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

குன்னூர் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிளஸ் டூ படிக்கிற மகள் சிப்ஸ் கவரைக் கழுவி பர்ஸ் தைக்கிறாள். இதையே படித்து, எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்களுக்கு வேலை கொடுக்கப் போகிறாளாம். குப்பை பொறுக்கவா சார் படிக்க வைத்தோம்?"

அம்மா, நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜிப் ஓரத்தில் தையல் நெருக்கமாக விழுந்ததால், தபால்தலை கிழிகிற மாதிரி கவர் கிழிந்திருக்கிறது. என் கவலை குப்பையைப் பற்றியல்ல, இந்தத் தையலைப் பற்றித்தான். ஏழைப் பெண்கள் செய்தது என்று சொன்னால் ஊட்டிக்கு வருகிறவர் ஒரு முறை வாங்குவார். ஜிப் பிய்ந்தால் மறுமுறை வரமாட்டார். தைத்த பெண்ணுக்குக் கூலியும் நின்றுவிடும்.

சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிடப்பதால் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடுக்கமாட்டார். அதனால் பொருள் இலவசம். கழுவி, காயவைத்து, வெட்டும் நேரம் இலவசமில்லையே! ஆடி மழையில் நம்ம ஊரில் துணியே காயாது. லைனிங், ஜிப், கூலி எல்லாம் சேர்த்து விலை போடத் தெரிய வேண்டும்.

கூடலூர்ப் பக்கம் பழங்குடியினர் உண்ணிச்செடிக் குச்சியில் செய்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டைக் கெடுக்கும் களைதான் அது. பார்த்தவர்கள் நின்றது பரிதாபத்தில் அல்ல, வேலைப்பாட்டில்.

படிப்புக்கு வருவோம். நிஃப்ட் என்கிற மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியில் ஆக்சஸரி டிசைன் (பை, பர்ஸ் மாதிரிப் பொருட்களை வடிவமைப்பது) என்றே நான்கு வருட பி.டெஸ். பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி. நுழைவுத் தேர்வில் ஒரு கட்டம், கொடுக்கிற பொருளை வைத்து மாடல் செய்வது. உங்கள் மகள் தினமும் வீட்டில் செய்கிறாளே, அதுதான்! கட்டணம் லட்சங்களில் போகும், அதை இப்போதே கணக்குப் பாருங்கள். முடியாது என்றால் ஐடிஐ-யில் ஒரு வருட சூயிங் டெக்னாலஜி, அதாவது தையல் பயிற்சி. அதை நான் மட்டமாக நினைக்கவில்லை; மெஷின் அங்கேதான் கைக்குப் படியும்.

இப்போதைக்கு அதே பர்ஸை நீளத் தையல் போட்டு, உள்ளே பனியன் துணி கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு தாளில் எழுதி, பர்ஸோடு அனுப்பச் சொல்லுங்கள். இம்முறை போட்டோ வேண்டாம், பர்ஸே வரட்டும்.