பெற்றோர் இல்லாத பிள்ளைகளைப் பாட்டியால் பார்க்க முடியவில்லை. இல்லத்தில் சேர்ப்பதுதான் ஒரே வழியா?

இல்லை. யாரோ உங்களிடம் "ஹாஸ்டலில் போட்டுவிடு" என்று நச்சரிக்கிறார்கள் போலிருக்கிறது. என்னிடமும் சொன்னார்கள், நானும் கேட்டுத் தொலைத்தேன்.

அத்தான் போய் இரண்டே வருடத்தில் அக்காவும் போய்விட்டது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. அம்மாவுக்குக் கண் பார்வை சரியில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர், ஒற்றை அறை வாடகை. 2022 கடைசியில் இருவரையும் சேர்த்தேன். ஆண், பெண் என்று தனித்தனி இல்லம், அதனால் அக்காவும் தம்பியும் பிரிந்தார்கள். நான் பார்க்கப் போகும் ஞாயிறெல்லாம் சின்னவன் துணிப்பையைக் கட்டி வாசல் பெஞ்சில் வைத்திருப்பான். கூட்டிப்போக வரவில்லை என்று தெரிந்ததும் பேசாமல் பிரித்து அடுக்குவான். நான்காவது தடவை என்னால் திரும்பிப் பஸ் ஏற முடியவில்லை.

பிள்ளைகள் எங்கே, யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போய் நின்றேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். அங்கிருந்த ஒரு அம்மா, "தாய்மாமன் இருக்கீங்க, பாட்டி இருக்காங்க. பணம்தான் குறைன்னா அதுக்கு வழி இருக்கு" என்றார். அவர் சொன்னது மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் நிதி ஆதரவு. பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமமென்றால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். எங்களுக்குப் பணம் வர மாதக்கணக்கில் ஆனது. ஊருக்கே திரும்பி வந்து தையல் போட்டுச் சமாளித்தேன்.

பணத்துக்காகத்தான் வைத்துக்கொண்டேன் என்று எழுத வருகிறவர்கள் இரண்டு பிள்ளைகளை 8,000 ரூபாயில் வளர்த்துப் பார்க்கட்டும். இல்லங்களையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே பசியும் இல்லை, அடியும் இல்லை. ஒருவருமே இல்லாத பிள்ளைக்கு அதுதான் வீடு. ஆனால் அத்தானின் அண்ணனை மட்டும் மன்னிக்க மாட்டேன். காரியம் முடிந்த அன்றே அத்தானின் டிவிஎஸ் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். அதன் கடைசி மூன்று தவணையைக் கட்டியவன் நான். பிள்ளைகளுக்கு ஒரு தீபாவளித் துணி கூட அவர் எடுத்துத் தரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்பு கரங்கள் திட்டத்தையும் கேளுங்கள், அதில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்துக் கேளுங்கள், கட்டணம் கிடையாது.